நாக்கடியில் சிக்கிய கருப்பு நூல்: திருப்பூர்ப் பூனை ஒன்றின் குடல் அறுவை

திருப்பூரில் பூனைக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு நூல் விழுங்கிய பூனை புதிதல்ல. ஊரெல்லாம் பனியன் கம்பெனி. கம்பெனி இல்லாத வீதியிலும் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் வீடு ஒன்றிரண்டு இருக்கும். தையல் மெஷினுக்குக் கீழே அறுந்த நூலும் பிசிறும் ரிப் துணியின் ஓரத்துண்டும் நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பூனை அதில் விளையாடும், கொஞ்சம் விழுங்கவும் செய்யும். பல நேரம் அது மலத்தோடு போய்விடும், வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இந்தப் பூனைக்கு அப்படிப் போகவில்லை. நூல் எங்கே மாட்டியது, குடலை என்ன செய்தது, எந்த இடத்தில் வெட்டினோம், எங்கே வெட்டாமல் விட்டோம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

வந்தபோது

பொம்மி, நாட்டுப் பூனை, பெண், ஏறக்குறைய ஒரு வயது, எடை 2.4 கிலோ. கருத்தடை செய்யப்படவில்லை. வீட்டின் முன்னறையில் தையல் மெஷின்கள்; பூனை படுப்பது வேஸ்ட் மூட்டையின் மேல்.

வீட்டம்மா சொன்னது: "ஏனுங்க சார், மூணு நாளா பச்சத் தண்ணிகூட உள்ள நிக்க மாட்டேங்குதுங்க. குடிச்ச கையோட கக்கிப்போடுதுங்க. மீனு வெச்சாலும் மோந்து பாத்துட்டுப் போயிருதுங்க."

முதல் நாள் வாந்தியில் தின்ற சோறு வந்திருக்கிறது, அடுத்த நாள் மஞ்சள் நீர், அப்புறம் வெறும் நுரை. இரண்டு நாளாக மலம் இல்லை. முடி உருண்டை அடைத்திருக்கும் என்று மாமியார் அரை ஸ்பூன் விளக்கெண்ணெய் ஊற்றியிருக்கிறார். நடுவில் வேறோர் இடத்தில் வாந்தி நிற்க ஊசி போட்டிருக்கிறார்கள். வாந்தி ஒரு நாள் குறைந்தது, பசி மட்டும் திரும்பவில்லை. வாந்தி நின்றும் பூனை சாப்பிடவில்லை என்றால் அடைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்த ஊசி நோயை மறைக்கத்தான் செய்யும்.

பாரசிட்டமால் கொடுத்தீர்களா என்று கேட்டேன். பூனையோடு யார் வந்தாலும் இதைக் கேட்டுவிடுவேன். பூனையின் ஈரலால் அந்த மருந்தை மனித ஈரல் போலச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ரத்தச் சிவப்பணு கெட்டு, ஈறு பழுப்பு நிறமாகி, பாதி மாத்திரையிலேயே பூனை செத்துப்போகலாம். நல்லவேளை, இங்கே யாரும் கொடுக்கவில்லை.

பரிசோதனையில் கண்டவை: காய்ச்சல் 102.8 டிகிரி பாரன்ஹீட், நாடி நிமிடத்துக்கு 210, ஈறு ஒட்டும் பதத்தில் காய்ந்திருந்தது, தோலைத் தூக்கி விட்டால் மெதுவாகவே இறங்கியது. நீரிழப்பு 8 சதவீதம் என்று கணக்கு வைத்தேன். வயிற்றைத் தொட்டதும் உறுமியது. நடுவயிற்றில் குடல் வழுக்கிக்கொண்டு ஓடாமல் ஒரு கொத்தாகக் கைக்குள் சிக்கியது.

நாக்கின் அடி

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். பூனையின் வாயைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது சுலபம். திறந்ததும் கண்ணில் படுவது அண்ணமும் பல்லும் நாக்கின் மேல்பக்கமும்தான். நூல் இருப்பதோ நாக்குக்கு அடியில். அதைப் பார்க்க ஒரு கையால் கன்னத்து எலும்புகளைப் பிடித்துத் தலையை அண்ணாத்த வேண்டும். மறு கையின் ஆள்காட்டி விரல் கீழ்த்தாடையை இறக்க, அதே கையின் கட்டைவிரல் வெளியிலிருந்து, தாடையின் இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள மெத்தென்ற இடத்தை மேல்நோக்கி அழுத்தும். அப்போது நாக்கு அடியோடு மேலே எழும்பும், நாக்கை வாயின் அடிப்பக்கத்தோடு கட்டியிருக்கும் மெல்லிய சவ்வு தெரியும். பூனை விடவில்லை என்றால் லேசாக மயக்கம் கொடுத்தாவது பார்க்க வேண்டும்.

பொம்மிக்கு அந்தச் சவ்வின் நடுவில் மயிரிழை போல ஒரு கருப்புக் கோடு. முதல் பார்வைக்கு ரத்தக்குழாய் என்றே சொல்லலாம். இரண்டு பக்கமும் சிவந்து வீங்கி, நடுவில் நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. நாக்கின் அடியைச் சுற்றி மாலை போட்ட மாதிரி ஒரு சுற்று, இரண்டு முனையும் தொண்டைக்குள் போயிருந்தன.

இதைப் பார்த்த பிறகு நோய் என்ன என்பதில் சந்தேகம் இல்லை. குடலுக்கு எவ்வளவு சேதம் என்பது மட்டும்தான் பாக்கி.

நூல் என்ன செய்கிறது

மாங்கொட்டையோ ரப்பர் பந்தோ குடலில் ஓர் இடத்தில் போய் அடைக்கும், அந்த ஓர் இடம்தான் கெடும். நூலின் கதை வேறு. ஒரு முனை மேலே மாட்டிக்கொண்டதும் மறுமுனையைக் குடல் தன் அசைவால் கீழே தள்ளப் பார்க்கும். நூல் நகராது. அதனால் குடலே நூலின் மேல் ஏறத் தொடங்கும். சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தால் பை மடிப்பு மடிப்பாகக் கூடுகிறதே, சிறுகுடலுக்கும் அதே கதிதான். ஆனால் குடல் சும்மா இருக்கும் துணி அல்ல. விடாமல் அசைந்துகொண்டே இருக்கும். ஒவ்வோர் அசைவிலும் இறுகிய நூல் மடிப்பின் உள்வளைவை, அதாவது ரத்தக்குழாய் வந்து சேரும் குடல்தாங்கிச் சவ்வின் பக்கத்தை, ரம்பம் போல அறுக்கும். அறுப்பு ஒரே இடத்தில் நிற்காமல் வரிசையாக நாலைந்து இடத்தில்கூட ஓட்டை விழலாம். மலக்கிருமி வயிற்றறைக்குள் கசிந்தால் அப்புறம் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும்.

பூனையில் நூல் மாட்டும் இடம் பெரும்பாலும் நாக்கின் அடி, இல்லையென்றால் இரைப்பையின் கடைவாசலான பைலோரஸ். நாய்க்குப் பெரும்பாலும் பைலோரஸ்தான். பூனை நாக்கில் முள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்ப அதற்கு வழியில்லை, விழுங்கத்தான் முடியும்.

விளக்கெண்ணெய் ஏன் கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. அது குடலின் அசைவைக் கூட்டும். முனை கட்டப்பட்ட நூல் உள்ளே இருக்கையில் அசைவைக் கூட்டினால் அறுப்புதான் கூடும். மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். முடி உருண்டைக்கு நம் பக்கத்தில் காலகாலமாகச் செய்வது அதுதான்.

படமும் ரத்தமும்

எக்ஸ்ரேயில் நூல் தெரியாது. தெரிந்தவை இரண்டு: குடல் முழுக்க வயிற்றின் வலப்பக்கமாகக் கூடிக் கிடந்தது, அதற்குள் காற்று நீளக் குழாயாக இல்லாமல் கமா குறி போலத் துண்டு துண்டாக நின்றது. நூலோடு ஊசியும் போயிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். தையல் வீடு என்றால் இன்னும் கட்டாயம். ஊசி இல்லை. ஸ்கேனில் முன்சிறுகுடல் அலை அலையாக மடிந்திருக்க, நடுவே நேராக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. மடிப்புகளுக்கு இடையில் கொஞ்சம் நீர் தேங்கியிருந்தது.

அந்த நீரை ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் சில துளி எடுத்தோம். இதற்குப் பெரிய லேப் வேண்டாம், சர்க்கரை நோயாளி வீட்டில் இருக்கும் குளூக்கோமீட்டர் போதும். வயிற்று நீரின் சர்க்கரை ரத்தச் சர்க்கரையைவிட 20 மில்லிகிராமுக்கு மேல் குறைந்திருந்தால் உள்ளே பாக்டீரியா தின்றுகொண்டிருக்கிறது, குடல் ஓட்டையாகியிருக்கலாம் என்று பொருள். பொம்மிக்கு ரத்தத்தில் 124, நீரில் 113. கண்ணாடித் தகட்டில் வெள்ளணு இருந்தது, பாக்டீரியா இல்லை. இன்னும் ஓட்டை விழவில்லை என்றே எடுத்துக்கொண்டோம். அதற்காகக் காலைவரை காத்திருக்கலாம் என்று ஆகிவிடாது.

வெள்ளணு 24,000. ரத்த அடர்த்தி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 46 சதவீதம், நீரிழப்பில் ரத்தம் தடித்திருந்தது. பொட்டாசியம் 3.1. மேல்குடல் அடைப்பில் வாந்தியோடு குளோரைடும் பொட்டாசியமும் போய்விடும். அதைச் சரிசெய்யாமல் மயக்கம் கொடுத்தால் இதயம் தடுமாறும், அறுவைக்குப் பிறகு குடலும் சோம்பிக் கிடக்கும்.

கேட்டார்கள், சொன்னேன்

"அந்த நூலப் புடிச்சு மெல்ல இழுத்தா வந்துராதுங்களா?" என்றார் வீட்டம்மா.

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. கேட்காமலே வீட்டில் இழுத்துப் பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு, முக்கியமாக மலவாயில் நூல் தொங்கும்போது. இழுத்தால் நூல் வராது. மடிந்திருக்கும் குடல் இன்னும் இறுகி அந்த இடத்திலேயே அறுந்துபோகும். மலவாயில் நூல் தெரிந்தால் தொங்கும் நீளத்தை மட்டும் கத்தரித்துவிட்டு உடனே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். வாயில் தெரியும் நூலை வீட்டில் வெட்டவும் வேண்டாம். முனை உள்ளே போய்விட்டால் அடுத்துப் பார்ப்பவருக்கு இருந்த ஒரே அடையாளமும் போய்விடும்.

வீட்டுக்காரர் கேட்டது வேறு: "வயித்தத் தொறக்கறதோட குட்டி போடாமக்க ஆப்பரேசனையும் பண்ணிரலாங்களா?" கணக்கு நியாயமானதுதான், ஒரே மயக்கம், ஒரே செலவு. ஆனால் குடலைத் திறக்கும் அறுவை சுத்தமான அறுவை அல்ல, பூனையும் தெம்பாக இல்லை. மயக்கத்தில் ஒவ்வொரு நிமிடமும் அதற்குச் சுமை. ஆறிய பிறகு தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். சரிங்க என்றார்.

மேசைக்கு முன்

நீரிழப்பு 8 சதவீதம் என்றால் 2.4 கிலோ பூனைக்குக் கிட்டத்தட்ட 190 மில்லி கடன். அதில் பாதியையாவது மேசைக்குப் போகுமுன் அடைக்க வேண்டும். நரம்பில் ஏற்றும் உப்புநீரான ரிங்கர் லாக்டேட் 500 மில்லி பாட்டிலில் 15 மில்லி ஈக்விவலன்ட் (மில்லிலிட்டர் அல்ல, உப்பை அளக்கும் அலகு) பொட்டாசியம் குளோரைடு கலந்து, மணிக்கு 35 மில்லி வீதம் மூன்று மணி நேரம் ஓட்டினோம். பொட்டாசியம் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லி ஈக்விவலன்டைத் தாண்டக் கூடாது; இந்த வேகம் அந்த வரம்புக்குள்ளேயே நிற்கும். அவசரத்தில் பாட்டிலைத் திறந்துவிட்டால் மருந்தே ஆளைக் கொன்றுவிடும் இடம் இது.

மயக்கத்துக்கு பியூட்டார்பனால், மிடசோலம், அப்புறம் தேவைக்கு அளந்து புரோபோபால். மூச்சுக்குழாய்க்குள் 3.5 அளவு டியூப், அதன் வழியே மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேன். மயக்கம் ஏறும்போதே கிருமிக்கொல்லி மருந்தான செஃபசோலின் கிலோவுக்கு 22 மில்லிகிராம் நரம்பில் போட்டோம். டியூப் இறக்குவதற்கு முன் நாக்கைத் தூக்கி, சவ்வில் புதைந்திருந்த நூலைச் சிறு கத்தரியால் வெட்டினோம். நூல் சட்டென்று தொண்டைக்குள் பின்வாங்கியது. அவ்வளவு இறுக்கத்தில் இருந்திருக்கிறது.

வயிற்றுக்குள்

நெஞ்செலும்பின் நுனியிலிருந்து தொப்புளைத் தாண்டிக் கீழே வரை நடுக்கோட்டில் திறந்தோம். சின்னத் துளை போட்டு எட்டிப் பார்க்கிற வேலை இதில் ஆகாது, இரைப்பையிலிருந்து பெருங்குடல் வரை மொத்தமும் கண்ணுக்கு முன் வர வேண்டும். இளஞ்சிவப்பு நீர் கொஞ்சம் இருந்தது, நாற்றம் இல்லை. முன்சிறுகுடலும் அதைத் தொடரும் நடுச்சிறுகுடலான ஜெஜுனத்தின் முதல் பாதியும் மடிந்து சுருண்டு, அதன் கீழ்க்கோடியில் ஒரு கெட்டியான உருண்டை தட்டுப்பட்டது. இரைப்பையில் தொட்டுப் பார்த்த வரை கட்டி எதுவும் இல்லை.

இங்கே முடிவு எடுக்க வேண்டியது எத்தனை இடத்தில் குடலைத் திறப்பது என்பதை. ஒரே துளை வழியாக முழு நூலையும் உருவினால் தையல் குறையும், ஆனால் உருவும்போது அறுக்கும். பல இடத்தில் திறந்தால் உருவுவது எளிது, ஆனால் ஒவ்வொரு தையலும் பின்னால் கசியக்கூடிய ஓர் இடம். என் வழக்கம்: விரலுக்கு லேசாகத் தடை தெரிந்தாலே இழுப்பதை நிறுத்திவிட்டு அடுத்த துளைக்குப் போவது.

ஜெஜுனத்தின் தொடக்கத்தில், குடல்தாங்கிச் சவ்வுக்கு எதிர்ப்பக்கத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு முதல் திறப்பு. நூல் இரட்டை இழையாக வந்தது. வளைந்த ஃபோர்செப்ஸில் பிடித்து அந்த இடத்தில் வெட்டி, மேல்பகுதியை மெதுவாக இழுத்தோம். நாக்கில் அறுத்துவிட்டிருந்ததால் உணவுக்குழாய், இரைப்பை வழியாக முழுதும் தடையில்லாமல் இறங்கி வந்துவிட்டது. முன்சிறுகுடலின் மடிப்புகள் கண் முன்னால் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. இந்த அறுவையில் மனதுக்கு நிம்மதி தரும் நேரம் என்றால் அதுதான்.

கீழ்ப்பகுதி அப்படி இல்லை. இழுத்ததும் தடை. நிறுத்திவிட்டு மடிப்பின் உள்வளைவைப் பார்த்தோம். அந்தப் பக்கம் கொழுப்பு மூடியிருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் குடல் நன்றாகத்தான் தெரியும். பஞ்சால் கொழுப்பை ஒதுக்கியபோது ஓர் இடத்தில் குடல்சுவர் கருத்து, காகிதம் போல மெலிந்து, அதன் வழியே உள்ளே கிடக்கும் நூலின் கருப்பு தெரிந்தது. ஓட்டை விழவில்லை. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் விழுந்திருக்கும்.

வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தோம். சுற்றியிருந்த குடல் சிவந்தது, கிள்ளினால் அசைந்தது. கருத்த இடமும் அதையடுத்த கொஞ்சமும் அசையவில்லை. அப்படிப்பட்ட சுவரில் தையல் நிற்காது. உருண்டையும் அதற்குப் பக்கத்திலேயே இருந்ததால் இரண்டையும் சேர்த்து 7 சென்டிமீட்டர் குடலை வெட்டி எடுத்தோம். மூன்றாவதாக ஒரு திறப்பு தேவைப்படவில்லை. மிச்ச நூலும் வெட்டிய துண்டோடே வந்துவிட்டது.

இரண்டு முனையையும் 4-0 பாலிடயாக்சனோன் என்கிற, தானாகக் கரையும் இழையால் தனித்தனி முடிச்சாகச் சேர்த்தோம். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர், முடிச்சுக்கு முடிச்சும் அதே இடைவெளி. முதல் முடிச்சு குடல்தாங்கிச் சவ்வின் பக்கம். கொழுப்பு மறைப்பதால் அந்த மூலையில்தான் ஊசி தவறும், கசிவும் பெரும்பாலும் அங்கேதான். கடைசியில் போட்டால் அவசரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். மேல்முனை அடைப்பினால் விரிந்திருந்தது, கீழ்முனை ஒடுங்கியிருந்தது. ஒடுங்கியதைச் சாய்வாக வெட்டி வாயை அகலப்படுத்தினோம். இரண்டு பக்கமும் விரலால் மூடி, உள்ளே சலைன் ஏற்றிக் கசிவு பார்த்தோம், இல்லை. ஓமென்டம் என்கிற கொழுப்புத் திரையை இரண்டு தையல் மேலும் போர்த்தினோம். கையுறையும் கருவிகளும் மாற்றி, அரை லிட்டர் வெதுவெதுப்பான சலைனால் வயிற்றைக் கழுவி முழுதும் உறிஞ்சி எடுத்த பிறகு மூடினோம்.

எடுத்ததை டிரேயில் விரித்து அளந்தால் இரட்டை இழை 90 சென்டிமீட்டர் நீளம். கடைசியில் இருந்தது கட்டைவிரல் அளவு ரிப் துணியும் பிசிறும் சுருண்ட பந்து. வீட்டம்மா பார்த்ததும் கண்டுகொண்டார்: "போன வாரத்து கருப்பு ஜட்டி ஆர்டருங்க இது."

அதன் பிறகு

மயக்கம் தெளியும்போது உடல் வெப்பம் 96 டிகிரிக்கு வந்திருந்தது. திறந்த வயிறு, கழுவிய நீர், சின்ன உடம்பு. துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களை இரண்டு பக்கமும் வைத்தோம். வலிக்கு பியூப்ரனார்பின். மெலாக்சிகாம் கொடுக்கவில்லை, நீர் வற்றிய பூனையின் சிறுநீரகத்துக்கும் புதிய குடல் தையலுக்கும் அது நல்லதல்ல. வாந்திக்கு மாரோபிடன்ட், செஃபசோலின் ஒரு நாள் மட்டும்.

குடல் தைத்த பிராணியைப் பல நாள் பட்டினி போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தேவையில்லை, கெடுதலும்கூட. உணவு உள்ளே போனால்தான் குடல் ஆறும். பூனை சில நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி அது தனி நோயாகிவிடும். எட்டு மணி நேரத்தில் தண்ணீர், மறுநாள் காலையில் வேகவைத்த கோழி. மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீட்டிலிருந்து உப்பில்லாமல் வேகவைத்த மத்தி வந்ததும் எழுந்து உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் மறுபடி சாப்பாட்டை நிறுத்தியது, காய்ச்சல் 103.6. குடல் தையல் கசிந்தால் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தெரியும், அதனால் வயிற்றில் அடித்தது எனக்குத்தான். ஸ்கேனில் நீர் கூடவில்லை, எடுத்த துளியில் பாக்டீரியா இல்லை, வயிற்றை அழுத்தினால் முதல் நாள் அளவுக்கு வலிக்கவும் இல்லை. கடைசியில் பார்த்தால் முன்காலில் மருந்து ஏற்றும் கேனுலா குழாய் இருந்த இடம் வீங்கிச் சூடாக இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுகாலில் போட்டோம். அன்று இரவே காய்ச்சல் இறங்கி, காலையில் தட்டு காலி.

ஐந்தாம் நாள் கழுத்துக் கூம்போடு வீட்டுக்கு அனுப்பினோம். 12-ஆம் நாள் தோல் தையல் பிரித்தபோது நாக்கின் அடியில் மெல்லிய தழும்பு மட்டும் இருந்தது. அடுத்த மாதம் எடை 2.8 கிலோ. கருத்தடையும் அதற்குப் பிறகு முடிந்தது. வேஸ்ட் மூட்டைக்குப் பதில் மூடி போட்ட டிரம் வைத்திருக்கிறார்கள். பிசிறு மட்டும் அல்ல, பூக்கட்டிய நூலையும் இறைச்சிப் பொட்டலம் கட்டிவரும் நூலையும் அதிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். இறைச்சி வாசம் ஏறிய நூலைப் பூனை விளையாட்டுக்கு அல்ல, தின்னவே எடுக்கும்.

இரண்டு கேள்விகள்

கொங்கு நாட்டில் கால்நடை வைத்தியம் படித்து வந்த என் தலைமுறைக்கு, விழுங்கிய அந்நியப் பொருள் என்றால் நினைவுக்கு வருவது மாடுதான். நாமக்கல்லில் 1985-இல் கல்லூரி தொடங்கிய காலத்தில் பூனையின் குடலைப் பற்றி இந்தப் பக்கம் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். மாடு கம்பியை விழுங்கினால் அது இரண்டாம் இரைப்பையில் தங்கி, உதரவிதானத்தைக் குத்தி இதயம் வரை போகும். நிற்க வைத்தே இடப்பக்கத்து விலாவுக்குப் பின்னால் திறந்து கைவிட்டு எடுப்போம். அந்தக் கண்ணோடு பூனையைப் பார்க்கும் நண்பர்கள் இரண்டு விஷயம் கேட்பார்கள்.

நாக்கில் நூலை வெட்டிவிட்டு, தானாகப் போகிறதா என்று காத்திருக்கக் கூடாதா? காத்திருக்கலாம், சில பூனைகளில் அது பலித்தும் இருக்கிறது. விழுங்கி ஓரிரு நாளுக்குள் வந்து, காய்ச்சலோ வயிற்று வலியோ வயிற்றில் நீரோ இல்லாமல் இருந்து, இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும். வாந்தி நிற்கவில்லை என்றாலோ வலி தொடங்கினாலோ அப்போதே மேசைக்குப் போய்விட வேண்டும். பொம்மிக்கு மூன்று நாள் ஆகியிருந்தது, வயிற்றில் நீர் இருந்தது, வெள்ளணு ஏறியிருந்தது. காத்திருக்க இடமே இல்லை.

இரண்டாவது, ஒரே திறப்பில் முடிக்கும் குழாய் முறை. மெடிக்கல் கடையில் கிடைக்கும் குழந்தைக்குப் பால் புகட்டும் மெல்லிய ரப்பர் குழாயை மேல்திறப்பு வழியே குடலுக்குள் விட்டு, நூலின் முனையை அதில் கட்டி, திறப்பைத் தைத்து மூடிவிட்டு, குழாயைக் குடலுக்கு வெளியிலிருந்தே விரலால் தள்ளித் தள்ளி மலவாய் வழியாக எடுத்துவிடும் முறை அது. நூல் மட்டும் இருந்து, குடல்சுவர் நன்றாக இருந்தால் நானும் அதைத்தான் எடுப்பேன். இங்கே நூலின் முனையில் துணிப்பந்து இருந்தது. அதைக் குழாயோடு சேர்த்து மெலிந்த சுவரைத் தாண்டி இழுத்திருந்தால், இன்னும் விழாத ஓட்டையை நாமே போட்டிருப்போம்.